இடப்பக்கம் ஓடியவன்

இரட்டைப் பாலத் தோட்டத்துக்கு இங்கிலீஷில் வேறு பெயர் உண்டு. அந்தப் பெயர் ஆபீஸ் பலகையில் இருந்தது, எங்கள் வாயில் நுழையவில்லை. சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் போகும் சாலையில், மலை ஏற ஆரம்பிப்பதற்கு முன்னால் இரண்டு பாலங்கள் அடுத்தடுத்து வரும். இரண்டாவது பாலம் தாண்டியதும் எங்கள் தோட்டத்து வாசல். ஐம்பத்திரண்டாம் வருஷம் அங்கே ஒரு முள்கம்பிக் கேட்டும், மணல் மூட்டை அடுக்கிய காவல் கொட்டகையும், கையிலிருக்கும் துப்பாக்கிக்குத் தாங்களே பயந்த இரண்டு ஸ்பெஷல் போலீஸ்காரர்களும் இருந்தார்கள்.

அவசர காலம் என்று சர்க்கார் பெயர் வைத்தது. எங்களுக்கு என்ன அவசரம்? காட்டில் கம்யூனிஸ்ட்காரன், ரோட்டில் போலீஸ்காரன், நடுவில் நாங்கள். சமைக்காத அரிசி ஒரு பிடிகூட வேலிக்கு வெளியே போகக் கூடாது, சமைத்த சோறும் போகக் கூடாது. மரம் வெட்டப் போகிறவர்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுக்கிறவர்கள், ஆளுக்கு ஒரு மங்கு வெறும் கோப்பியைக் குடித்துவிட்டுப் போய், பாலெடுத்துக் கொட்டிவிட்டு, வீட்டுக்கு வந்துதான் முதல் கவளத்தை வாயில் வைக்க வேண்டும். கேட்டில் ஒரு பெண்பிள்ளை நின்று சேலை மடிப்பைத் தடவுவாள், பால் வாளிக்குள் கை விடுவாள். பசியாவது பழகிவிட்டது. சந்தேகம்தான் பழகவில்லை. காட்டுக்காரனுக்கு அரிசி கொடுத்தான் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். கோர்ட்டு கிடையாது, வக்கீல் கிடையாது, முகாமில் போட்டுவிடுவார்கள். ஊரில் பிறந்து இங்கே வந்தவனாக இருந்தால் கப்பலேற்றி விடுவார்கள்.

டிரைவர் அர்ச்சுனன் ஊரில் பிறந்தவன். நாமக்கல் பக்கத்திலிருந்து மாமன்காரனோடு பையனாக வந்தவன். அவன் பெண்சாதி முத்தாயி இங்கேயே பிறந்தவள், மரம் வெட்டுகிறவள், கப்பலைக் கண்ணால் பார்த்ததில்லை. வள்ளிநாயகி என்று ஒரு பெண் குழந்தை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிற வயசு. அதே வீட்டில் முத்தாயியின் அண்ணன் நல்லசாமியும் இருந்தான். பெண்சாதி செத்துப்போனவன், தோட்டத்து ரப்பர் ஆலையில் பிட்டர். ஷீட் உருட்டும் மிஷினிலிருந்து துரை வீட்டுத் தண்ணீர்ப் பம்பு வரை அவன் கை படாமல் ஓடாது. அவனும் அதைச் சொல்லிக்கொள்ளாமல் இருந்ததில்லை.

இனி அந்தக் கார். துரை சீமையிலிருந்து கொண்டு வந்த பச்சைக் கார், இரண்டு பேர் உட்காரலாம், தரையோடு தரையாகக் கிடக்கும். ஜொகூர்ப் பக்கம் மலைப் பாதையில் பந்தயம் விடுவார்கள், அதில் ஓட்டுவதற்காக வாங்கியது. துரை ஆறு மாத லீவில் சீமைக்குப் போயிருந்தபோது கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது, மேனேஜர்மார் கார்களுக்கெல்லாம் இரும்புத் தகடு அடிக்க வேண்டும் என்று. சின்னக் கார், சுற்றிலும் அடித்தால் நகராது. அதனால் துரை உட்காருகிற வலது பக்கக் கதவுக்கும், அவர் முழங்காலுக்கு முன்னாலும் மட்டும் கனத்த தகடாக அடித்தார்கள். இடது பக்கம் உட்காருகிறவனுக்குக் குண்டு படாதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன!

பாரம் ஒரே பக்கம் விழுந்ததில் கார் வலது பக்கம் குனிந்துவிட்டது. வலது முன் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து, முட்டி மடங்கிய ஆள் மாதிரி நின்றது. ஸ்டீரிங்கை லேசாக விட்டால் கார் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். பேட்டரி செத்துவிடக் கூடாது என்று தினம் தோட்டத்துக்குள் ஒரு சுற்று ஓட்டச் சொல்லியிருந்தார்கள். அர்ச்சுனன் தினமும் அதோடு மல்லுக்கட்டிவிட்டு வருவான்.

அவனுக்கு ஒரு பழக்கம். காரை அது என்று சொல்ல மாட்டான், அவன் என்பான். மாடு ஓட்டிய பரம்பரையோ என்னவோ.

“அவன் இன்னிக்கும் இடப்பக்கந்தான் ஓடுறான் மச்சான். புடிச்சுப் புடிச்சு என் தோள்பட்டை கழண்டு போச்சு.”

“பாரம் அந்தப் பக்கம், இழுப்பு இந்தப் பக்கம். கோளாறு எங்கன்னு எனக்குத் தெரியும் மாப்ள. ஆனா நான் கைய வைக்க மாட்டேன். துரை காரு. அவரு வந்து சொல்லட்டும்.”

“அதுக்குள்ள ஒரு டயர அவன் தின்னுட்டான்லா.”

தின்றது நிஜம். சாய்ந்த சக்கரத்தில் டயரின் உள்பாதி மொட்டையாகிவிட்டது, வெளிப்பாதி கடையில் வாங்கின மாதிரி பட்டை பட்டையாக இருந்தது. துரை வரப்போகிறார் என்றதும் அதைக் கழற்றிவிட்டு, பின்னால் கிடந்த உபரி டயரைப் போட்டார்கள். ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி கனகசுந்தரம் அந்தப் பழைய டயரைப் பார்த்து முகத்தைச் சுளித்து, இதை அப்புறப்படுத்து என்றார். அர்ச்சுனன் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்து, நடுவில் பிளந்து, முத்தாயிக்கு ஒரு ஜோடி செருப்பு தைத்துக் கொடுத்தான். ஒரு காலுக்கு உள்பாதி, ஒரு காலுக்கு வெளிப்பாதி. அட்டைக்கடியிலும் முள்ளிலும் வெறுங்காலோடு நடந்தவளுக்குச் செருப்பு என்றால் சும்மாவா? ஆனாலும் அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

“என்னாங்க செருப்பு இது? இடக்காலு நிக்குது, வலக்காலு வழுக்குது. நேத்து பால் வாளியோட சாயப் பாத்தேன்.”

“நான் என்னா செய்ய? அவன் காலச் சாச்சு வச்சுத் தேய்க்கிறான். உள்பக்கம் மொட்டை ஆயிருச்சு.”

“எவன்?”

“அவந்தான்டி, துரை காரு.”

“காருன்னு சொன்னா வாய் சுளுக்கிக்குமா? அவன் வந்தான், அவன் போனான்னு! கேக்குறவங்க எவனோ ஆம்பளன்னு நெனைக்கப் போறாங்க.”

பக்கத்து வீட்டு ராக்கம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள். வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்கச் சிரித்தது. வழுக்குகிற செருப்பு எங்களுக்கு மூன்று வாரம் பேச்சுக்கு ஆகிவந்தது.

துரை சிங்கப்பூரில் இறங்கி ரயிலில் வருவதாகவும், தன் காரே ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்றும் தந்தி வந்தது. அன்றைக்கு விடியும்போதே மழை, மரம் வெட்டு இல்லை. அர்ச்சுனன் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். சிரம்பான் பக்கம் பாலத்தைத் தாண்டி முதல் வளைவில் ரோடெல்லாம் தண்ணீர். கார் இழுக்க, இவன் திருப்ப, கை நழுவி, இடது பக்க வடிகாலான லோங்காங்கில் முன்சக்கரம் இறங்கி உட்கார்ந்துவிட்டது. அடிபடவில்லை. இவன் இறங்கி, பள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று காரை ஒற்றை ஆளாகத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்தா போலீஸ் வண்டி வர வேண்டும்! புதிதாக வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், கிளந்தானிலிருந்து மாற்றலாகி வந்த மலாய்க் கார்ப்பரல், பின்னால் நாலு பேர். என்ன நடந்தது என்று கார்ப்பரல் மலாயில் கேட்டார். அர்ச்சுனன் தன் மலாயில் சொன்னான்.

“டியா லரி கிரி, துவான். ஹரி ஹரி லரி கிரி. சாயா சுடா தாஹு.”

அவன் மனசில் சொன்னது இது: ஐயா, அவன் இடப்பக்கம் ஓடுறான், தினம் தினம் இடப்பக்கம் ஓடுறான், எனக்கு முன்னாடியே தெரியும். பட்டறை மலாயில் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் லரி என்றுதான் சொல்வார்கள். ஆனால் வெளியில் லரி என்றால் ஓடுவது, தப்பி ஓடுவது. டியா என்பது அவனுக்கும் சரி, அவளுக்கும் சரி, அதுக்கும் சரி. கார்ப்பரல் கெட்டவர் இல்லை, ஸ்டீரிங்கைத் தொட்டறியாதவர், அவ்வளவுதான். காதில் விழுந்ததை அப்படியே அதிகாரிக்கு இங்கிலீஷில் சொன்னார்: ஒருத்தன் இடப்பக்கம் ஓடினான், தினமும் ஓடுகிறான், இவனுக்குத் தெரியும்.

இடப்பக்கம் லாலான் புல் மிதிபட்டுக் கிடந்தது. நாலு பேரும் துப்பாக்கியோடு இறங்கித் தேடினார்கள். ஒரு அரிசி மூட்டை அகப்பட்டது.

அந்த அரிசி யார் வைத்தது என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தவர் யாராவது இருந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். மூட்டையைக் கொண்டுவந்து முன்னால் போட்டு, ஓடியது யார் என்று கார்ப்பரல் கேட்டபோதுதான் தன் பேச்சை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று அர்ச்சுனனுக்கு விளங்கியது. கிரேத்தா துவான், கிரேத்தா, கார்தான் ஓடியது என்று கத்தினான். மூட்டையைக் கண்டதும் பேச்சை மாற்றுகிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். கையில் விலங்கு மாட்டி வண்டியில் ஏற்றினார்கள்.

அப்போது எங்களுக்கு வந்து சேர்ந்த செய்தி அரைகுறைதான். அர்ச்சுனனைப் பிடித்துவிட்டார்கள், பக்கத்தில் அரிசி கிடந்தது. அவன் என்ன சொன்னான், என்ன கேட்டார்கள், ஒன்றும் தெரியாது. முத்தாயி சோற்றுப் பானையை அடுப்பிலேயே விட்டுவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். சோறு தீய்ந்து வாசம் வந்தது, எழுந்திருக்கவில்லை.

“கப்பல்ல ஏத்திருவானுங்களா அண்ணே? அந்த ஊருல அவருக்கு யாரு இருக்கா? நான் எங்க போயித் தேடுவேன்?”

“அழுவாத. துரை வந்துட்டாரு. துரை ஒரு வார்த்த சொன்னா விட்டுருவானுங்க.”

“சொல்லுவாராண்ணே?”

“நாளைக்குக் காரச் சரி பண்ணச் சொல்லிக் கூப்பிட்டிருக்காரு. நல்லா செஞ்சு குடுத்துட்டு, மனசு குளுந்து இருக்கறப்ப நானே கேக்குறேன்.”

“நல்லா செஞ்சு குடு அண்ணே. உனக்குத் தெரிஞ்சதெல்லாம் போட்டுச் செய்யி. உன் கால்ல விழுறேன்.”

அவள் சொன்னதைத் தட்டாமல் செய்தான் பாவி. மறுநாள் காலையில், பள்ளத்திலிருந்து லாரியில் கட்டி இழுத்து வந்திருந்த காரை ஷீட் ஊறப்போடும் கொட்டகையின் சிமெண்டுத் தரைக்குத் தள்ளிக்கொண்டு போனான். தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடாத தரை தோட்டத்தில் அது ஒன்றுதான். துரையும் அரைக்கால் சட்டையோடு வந்துவிட்டார். அவருக்கு அந்த வேலை தெரியும், கை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாதவர். எது எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று புத்தகத்தைப் பார்த்து அவர் சொல்ல, நல்லசாமி அதைத் தூக்குக் குண்டுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டான். துரையின் கனத்துக்கு ரப்பர் ஷீட்டுக் கட்டுகளைச் சீட்டில் தூக்கி வைத்தான். மட்கார்டிலிருந்து குண்டு நூலைத் தொங்கவிட்டு, சக்கரத்தின் தலை நூலிலிருந்து எவ்வளவு, அடி எவ்வளவு என்று பார்த்தான். இடது சக்கரம் கிட்டத்தட்ட நிமிர்ந்து நின்றது. வலது சக்கரம் கூச்சமில்லாமல் சாய்ந்திருந்தது.

துரை உதட்டைப் பிதுக்கினார். லோங்காங்கில் விழுந்ததில் வளைந்துவிட்டது என்று மலாயில் சொன்னார். நல்லசாமிக்கு அது தப்பென்று தெரியும். முன்னாடியே அப்படித்தான் துவான் என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால், முன்னாடியே தெரிந்தும் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பாரே, கோபம் வந்தால் மாப்ளையின் காரியம் கெட்டுவிடுமே என்று விழுங்கிவிட்டான்.

முதலில் வலது பக்கத்தைத் தாங்குகிற முறுக்குக் கம்பியின் ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினான். கார் மெள்ள எழுந்தது. எழுந்து, முன்பக்கத்தைப் பிடித்து உலுக்கி, மறுபடி அளந்து, மறுபடி திருகினான். உயரம் சரியான பிறகும் சாய்வு கொஞ்சம் பாக்கி இருந்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கைக்குப் பின்னால் தகடு செருக வேண்டும். பட்டணத்துக்கு ஆளனுப்ப நேரமில்லை. பால் உறைய வைக்கும் தொட்டியில் தடுப்பாகச் செருகும் அலுமினியப் பலகை ஒன்று உடைந்து கிடந்தது. அதை வெட்டி, அரத்தால் ராவி, விரல் நுனியால் கனம் பார்த்து, ஒவ்வொன்றாகச் செருகினான். ஒன்று கூடினால் சக்கரம் வெளியே சாயும், ஒன்று குறைந்தால் உள்ளே. கடைசியாகச் சக்கரங்களின் பார்வை. பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இரண்டு பக்கமும் நூல் கட்டி, இரண்டு முன்சக்கரமும் இம்மியளவு ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி ஸ்டீரிங் தண்டைத் திருகி வைத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. முத்தாயி கொடுத்தனுப்பிய மரவள்ளிக் கிழங்கும் நெத்திலிச் சம்பலும் ஈ மொய்த்துக் கிடந்தன.

சாயங்காலம் துரை ஆலையிலிருந்து பங்களா வரை ஓட்டிவிட்டு வந்து, அவன் முதுகில் தட்டினார். அவன் உடனே கையைக் கட்டிக்கொண்டு அர்ச்சுனன் விஷயத்தை எடுத்தான். அது போலீஸ் காரியம், பார்க்கலாம் என்றார் துரை. பார்க்கலாம் என்றாரே, அதுவே பெரிசு என்று அண்ணனும் தங்கையும் அன்றைக்குச் சோறு தின்றார்கள்.

அடுத்த நாள் காலையிலும் மழை விட்டபாடில்லை. மரம் வெட்டு இல்லாததால் நாங்களெல்லாம் ஆபீஸ் பக்கம் தகரக் கொட்டகையில் ஒதுங்கி நின்றோம். போலீஸ் வண்டி வந்தது. அதே அதிகாரி இறங்கி, துரையோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, பச்சைக் காரில் ஏறிக்கொண்டார். கேட்டுக்கு வெளியே போய்த் திரும்பி வந்தார். வரும்போது ஆபீசுக்கு முன்னால் இருக்கிற நேர் ரோட்டில் ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் காட்டினார். கார் கோடு கிழித்த மாதிரி வந்து நின்றது. நல்லசாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. தன் வேலையைத்தான் மெச்சுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

அதிகாரி ஆபீஸ் வராந்தாவில் ஏறி உட்கார்ந்தார். துரைக்கும் அவருக்கும் தேத்தண்ணி வந்தது. கனகசுந்தரம் கிராணி படிக்கு வந்து முத்தாயியைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்களோடு நெருங்கிப் பழகாதவர், ஆனால் பொய் பேசமாட்டார். முத்தாயி படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

“பிள்ளை, உம்மட மனுசன் போலீசிட்டை என்ன சொன்னவர் எண்டு உமக்குத் தெரியுமோ? இந்தக் கார் நாள்தோறும் இடப்பக்கம் இழுத்துதாம். அதைத்தான் சொன்னவராம், ஆளைச் சொல்லேல்லையாம். இவர் இப்ப ஓடிப் பாத்தவர். கார் நேராப் போகுது. அப்ப உம்மட மனுசன் சொன்னது பொய் எண்டுறார்.”

நல்லசாமிக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் செத்துப்போயிற்று.

“ஐயோ கிராணி ஐயா! நேத்து நாந்தானே சரி பண்ணேன்! மூணு மாசமா அப்படித்தான் இழுத்துச்சு. அந்தத் தகட்ட இப்பவே உருவிப்புடுறேன், ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க!”

கிராணி சொல்ல, அதிகாரி சிரிக்காமல் ஏதோ சொன்னார்.

“நிமித்தத் தெரிஞ்சவனுக்கு வளைக்கவும் தெரியுமாம். நீர் அவரிட மச்சான் எண்டும் அவருக்குத் தெரியும்.”

“துரையக் கேக்கச் சொல்லுங்கய்யா! அவரு பாத்தாரு, சாஞ்சு கெடந்தத!”

துரையைக் கேட்டார்கள். அவர் உள்ளதைத்தான் சொன்னார். சாய்ந்திருந்தது நிஜம், ஆனால் நான் பார்த்தது லோங்காங்கில் விழுந்த பிறகு. விழுந்த கார் வளைந்திருக்காமல் எப்படி இருக்கும்? விழுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, நான் சீமையில் இருந்தேன். அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டார். நாளைக்கு அர்ச்சுனனை முகாமுக்கு அனுப்பப் போவதாகக் கிராணி தாழ்ந்த குரலில் சொன்னார்.

நல்லசாமி தூணைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். “நானே கெடுத்தேனே! ஒழுங்கா செஞ்சு கெடுத்தேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டான். வாழ்நாளில் அவன் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை அதுதான்.

முத்தாயி அழவில்லை. விழுவதற்கு முன்னால், விழுவதற்கு முன்னால் என்று அவள் உதடு முணுமுணுத்தது. அவளுடைய செருப்பு படிக்குக் கீழே மழையில் கிடந்தது, ஒன்று நேராக, ஒன்று குப்புற. குனிந்து இரண்டையும் கையில் எடுத்தாள். துரை ஆபீஸ் படியில் செருப்புக் காலோடு ஏறியவனே கிடையாது. இவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். கொட்டகையில் நின்ற ராக்கம்மா, “அடிச்சுப்புடுவா போலருக்கே, மாரியாத்தா!” என்றாள். கார்ப்பரல் துப்பாக்கியைத் தொட்டார்.

முத்தாயி இரண்டு செருப்பையும் குப்புறத் திருப்பி, தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள்.

“பிள்ளை! செருப்பைக் கீழை வையும்! உமக்கென்ன விசரோ?” கிராணி பதறிவிட்டார்.

“பாக்கச் சொல்லுங்கய்யா. இது அந்தக் காரு டயரு. மூணு வாரத்துக்கு முன்னாடி அவரு அறுத்துத் தச்சாரு. இது வெளிப்பக்கம், இது உள்பக்கம். உள்பக்கம் மொட்டையா இருக்குதா இல்லியா? அவன் சாஞ்சே ஓடுனதாலதான் மொட்டையாச்சுன்னு அவரு சொன்னாரு. லயத்துல எல்லாருக்கும் தெரியும், நான் வழுக்கி வழுக்கி விழுந்தது.”

“கொஞ்சம் பொறும். அவரு எண்டா ஆர், அவன் எண்டா ஆர்? எது கார், எது மனுசன்? நான் இதை எப்பிடி இங்கிலீசில சொல்லுறது? இந்த அவன் அவராலதான் இவ்வளவு கரைச்சலும். உம்மட மனுசன்ர பேரைச் சொல்லும்.”

முத்தாயி வாயைத் திறந்தாள், மூடினாள். புருஷன் பெயரை எங்கள் பெண்பிள்ளைகள் சொல்வதில்லை. ஐடென்டிட்டி கார்டு எடுக்க வந்தபோதுகூட, பக்கத்தில் நிற்கிறவளைத்தான் சொல்லச் சொன்னாள். மஞ்சள் குங்குமம் குறையும் என்று ஒரு பயம்.

“அர்ச்சுனன்,” என்றாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “எம் புருஷன் அர்ச்சுனன் டயர அறுத்தாரு. காரு இடப்பக்கம் இழுத்துச்சு. காருதான் ஓடுச்சு. வேற எவனும் ஓடல,” என்றாள்.

கிராணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதிகாரியிடம் சொன்னார். அவள் சொன்னதைவிடக் கூடவே சொன்னார் என்று எங்களுக்குத் தெரிந்தது. திரும்பி எங்கள் பக்கமும் தமிழில் ஒருதரம் சொன்னார், “அந்த டயரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னது நான்தான். துரை வாறதுக்கு முன்னமே. அதை நான் எங்கையும் சொல்லுவன்.”

துரை வலது செருப்பைக் கையில் எடுத்தார். முத்தாயி மிதித்த செருப்பை, எங்கள் துரை! இடது செருப்பின் பட்டையைக் காரின் டயர்ப் பட்டையோடு ஒத்துப் பார்க்க மழையில் இறங்கிப் போனார். அந்த மாதிரிப் பட்டை நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே வேறு கார் எதற்கும் கிடையாது. வழவழவென்று இருந்த பக்கத்தைக் கட்டைவிரலால் ஓரத்திலிருந்து நடு வரை தடவிக்கொண்டே வந்தார். ஒருநாள் பள்ளத்தில் விழுந்து இப்படித் தேயாது, மாசக் கணக்கில் சாய்ந்து ஓடினால்தான் தேயும் என்று அதிகாரியிடம் சொன்னார். அவர் சொன்ன பிறகு அது உண்மையாகிவிட்டது. முத்தாயியும் நல்லசாமியும் கிராணியும் சொன்னதெல்லாம் அதுவரை எந்தக் கணக்கில் இருந்ததோ!

அர்ச்சுனனை மேலும் இரண்டு நாள் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். வலது செருப்பை போலீசில் எடுத்து வைத்துக்கொண்டார்கள், திருப்பித் தரவில்லை. இடது செருப்பு மட்டும் முத்தாயியிடம் வந்தது. ஒற்றைச் செருப்பை என்ன செய்வது, வீட்டுக்குப் பின்னால் கூரை இறவாணத்தில் செருகி வைத்தாள்.

அர்ச்சுனன் பால் லாரியில் வந்து இறங்கினான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அடித்தார்களா என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இனிமேல் பச்சைக் காரை ஓட்ட வேண்டாம், லாரியை ஓட்டு என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். முத்தாயி நெத்திலிச் சம்பலும் முருங்கைக்கீரையும் வைத்திருந்தாள். குழந்தை அவன் மடியை விட்டு இறங்கவில்லை. நல்லசாமி மாப்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்தான். பொழுது சாய்ந்து கேட்டு மூடுகிற மணி அடித்தது.

“மச்சான், உள்ள வந்து சாப்புடுங்க,” என்றான் அர்ச்சுனன். “வேலய வேலயாத்தானே செஞ்சீங்க. அதுக்கு என்னா?”

நல்லசாமி வந்து உட்கார்ந்தான். அர்ச்சுனன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“எம் பேர வெள்ளக்காரன் முன்னாடி சொன்னியாமே?”

“சொன்னேன். சொல்லாட்டி உங்களக் கப்பல்ல ஏத்தியிருப்பானுங்க.”

“இன்னொரு தடவ சொல்லு, கேப்போம்.”

“ஐய, ஆசையப் பாரு! பேசாம சாப்புடுங்க.”

எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. முத்தாயிக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழையபடி அவனைச் சீண்டிப் பார்க்கத் தோன்றியது.

“அது சரி, அண்ணன் கை பட்டதுலருந்து அவன் நேரா ஓடுறானாமே. இப்ப ரொம்ப மருவாதியான ஆளாயிட்டானாம்.”

அர்ச்சுனனின் கை தட்டிலேயே நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்பெஷல் போலீஸ்காரனின் பூட்ஸ் சத்தம் போய்க்கொண்டிருந்தது. அது தேய்ந்து அடங்குகிற வரைக்கும் அவன் வேலிப் பக்கமே காதைக் கொடுத்திருந்தான்.

“அவன்னு சொல்லாத முத்தாயி,” என்றான் மெதுவாக. “அதுன்னு சொல்லு.”

அவள் விளையாட்டென்று நினைத்து அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை.

“அது நேரா ஓடுதாம்,” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவன் அடுத்த கவளத்தை எடுத்தான்.